மவுஸுக்குள் ஆற்று மணல்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ப மனமில்லாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம், எனக்கு வருத்தமில்லை. நடுராத்திரி, நாய் ஊளை, சுடுகாட்டுப் பாதை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதில் ராத்திரியே கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் மத்தியான நேரத்தில், தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் நடந்தது.

நடந்தது சிவகணேஷுக்கு. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். எனக்கு நல்ல பழக்கம். பேய் என்று யாராவது வாயெடுத்தால் போதும், "பேய்க்குக் கரண்ட் கனெக்ஷன் எந்த ஆபீஸ்லலே குடுக்கான்?" என்று கேட்டு ஆளை ஓட்டிவிடுவான். அப்படிப்பட்டவன் என் வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன கதை இது. சொல்லும்போது அவன் கை சில்லென்று இருந்தது.

தொண்ணூற்று எட்டாம் வருஷம், தை மாதப் பிறப்பு கழிந்த சமயம். பெருமாள்புரத்தில் இருந்து காந்திமதிநாதன் என்று ஒருவர் கடைக்கு வந்தார். சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டு. நெற்றியில் திருநீறு, கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"வீட்டுல கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு தம்பி. ஆள் உக்காந்து வேலை பாத்தா நல்லா ஓடுது. சும்மா விட்டா அப்படியே நின்னுருது."

"இவ்வளவுதானா அண்ணாச்சி? ஸ்கிரீன் சேவர் கோளாறா இருக்கும். வந்து பாக்கேன்."

வேலை முடிந்தது என்று கிளம்பியிருக்க வேண்டியவர், கிளம்பவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு பையச் சொன்னார்.

அது அவர் மகன் குமரகுருபரனின் கம்ப்யூட்டர். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த பையன். கார்த்திகை மாதம் ஆற்றில் வெள்ளம் வடிந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், வண்ணார்பேட்டைப் படித்துறைக்குக் குளிக்கப் போனான். போனவன்தான். தீயணைப்புக்காரர்கள் ஸ்ரீவைகுண்டம் அணை வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

"ஆள் கெடைக்கலன்னா தர்ப்பையில உருவம் செஞ்சு எரிச்சு, கருமாதி பண்ணணுமாம். அமாவாசைக்கு முந்தி முடிச்சிருங்கன்னு ஐயர் சொல்லுதாரு. எம் பொண்டாட்டி சம்மதிக்க மாட்டேங்கா. 'பிள்ளை வீட்டுக்குள்ளதான் இருக்கான், மிஷின் நிக்கிறதப் பாக்கலியா'ங்கா. அந்த ரூம் வாசலை விட்டு எந்திரிக்க மாட்டேங்கா. ஒரு வாய்ச் சோறு எறங்கலை." அவர் குரல் உடைந்தது. "பிள்ளையப் பறிகொடுத்தாச்சு. இவளையும் என்னால தூக்கிக் குடுக்க முடியாது வே. மிஷின்லதான் கோளாறுன்னு நீரு அவ காதுபடச் சொல்லணும். அது போதும்."

சிவகணேஷ் சரி என்றான். ஒரு நல்ல காரியம் செய்யப் போகிறோம் என்றுதான் நினைத்தான்.

மறுநாள் சாப்பாட்டு நேரம் கழிந்ததும் போனான். கூடத்தை ஒட்டி அந்த அறை. வாசலில் நீலத் திரை. திரைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள் நீலாம்பாள், பையனின் தாய். பள்ளிக்கூட டீச்சர், கார்த்திகையிலிருந்து லீவில் இருந்தாள். வந்தவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மகள் சித்ரலேகாதான் திரையை விலக்கி உள்ளே கூட்டிப் போனாள். பிளஸ் டூ படிக்கிற பெண்.

கம்ப்யூட்டர் நின்றுபோய்த்தான் இருந்தது. கேபினட் என்கிற அதன் பெட்டியின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. மானிட்டரில் சீட்டு விளையாட்டு பாதியில் நின்றது. கீபோர்டில் நம்பர் லாக்கைத் தட்டினான். தட்டத் தட்ட எரிந்து அணைய வேண்டிய விளக்கு மாறவே இல்லை. உள்ளே ஃபேன் மட்டும் ஓடியது. சுத்தமாகச் செத்த மிஷின். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான், எழுந்துகொண்டது.

"மவுஸ் ஓடாது அண்ணே. கீபோர்டுதான். அண்ணன் போனதில இருந்தே அது..." என்று ஆரம்பித்தாள் சித்ரலேகா. வெளியே தாய் இருமினாள். பெண் வாயை மூடிக்கொண்டாள்.

மவுஸ்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சிவகணேஷ் அதைத் தொடவில்லை. ஸ்கிரீன் சேவரை எடுத்தான். மின்சாரம் மிச்சம் பிடிக்கிற ஏற்பாட்டையெல்லாம் நிறுத்தினான். ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினான். பிறகு ஒன்றையும் தொடாமல் நாற்காலியில் சும்மா உட்கார்ந்தான். அரை மணி நேரம். மானிட்டர் மூலையில் கடிகாரம் நிமிஷம் நிமிஷமாக ஓடியது. நிற்கவே இல்லை.

சரியாகிவிட்டது என்று கூடத்துக்கு வந்து காப்பி குடித்தான். ஒரு டம்ளர் காப்பி, அவ்வளவுதான். திரும்பிப் போனால் மிஷின் நின்றிருந்தது.

மானிட்டரில் சீட்டு விளையாட்டு. அவன் அதைத் திறக்கவே இல்லையே... சித்ரலேகாவின் வேலை என்று நினைத்தான். ஆனால் சித்ரலேகா அடுக்களையில் அவனுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டல்லவா இருந்தாள்.

திரும்பவும் போட்டான். அவன் அறையில் உட்கார்ந்திருக்கும்வரை ஓடியது. வெளியே போய் வந்தால் நின்றது. நாலைந்து தடவை பார்த்துவிட்டான். சும்மா விட்டால் நிற்கிறது என்றால் புரியும். அறையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று ஒரு மிஷினுக்கு எப்படித் தெரியும்?

கேபினட்டைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்று தூக்கிக்கொண்டான். சாவு விழுந்த வீட்டில் போயிட்டு வாறேன் என்று சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிலும் இன்னும் கருமாதி முடியாத வீடு. ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினான்.

கடையில் அந்தக் கேபினட் நாள் முழுக்க ஓடியது. வேண்டுமென்றே ஷட்டரை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனான், திரும்பி வந்தான். கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோளாறும் இல்லை.

அப்படியென்றால் வீட்டில்தான் கோளாறு. கரண்ட் லைனில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். ரிப்பேர்க்காரர்கள் செய்கிற வழக்கமான காரியத்தைச் செய்தான். தன் கடை கேபினட்டையே எடுத்துப் போய், அந்த வீட்டு மானிட்டர், கீபோர்டு, மவுஸோடு மாட்டினான். இதில் சீட்டு விளையாட்டே கிடையாது. வேலை கெடுகிறது என்று எப்போதோ அழித்துவிட்டிருந்தான்.

பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்த்தான். எர்த் நன்றாகத்தான் இருந்தது. மிஷினை ஓடவிட்டு வெளியே வந்தான். இந்தத் தடவை கூடத்துக்குப் போகவில்லை. திரைக்கு இந்தப் பக்கமே நின்றான்.

மத்தியானம். தெருவில் சத்தமே இல்லை. காந்திமதிநாதன் ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கூடத்து நாற்காலியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டிக்.

சிவகணேஷுக்கு முதலில் விளங்கவில்லை.

டிக்... டிக்.

மவுஸ் பொத்தான் சத்தம். கடையில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் அவனுக்குத் தெரியும்.

டிக்... டிக்... கொஞ்சம் யோசனை... டிக்.

ஓடாத மவுஸ் என்றாளே...

கீழே பார்த்தான். நீலாம்பாள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டின் மேல் விரலை வைத்து, பேசாதே என்று சாடை காட்டினாள். அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு.

திரையை இழுத்தான்.

சத்தம் நின்றது.

நாற்காலி காலி. மானிட்டரில் சீட்டுகள். அவன் கேபினட்டில் இல்லவே இல்லாத விளையாட்டு, பாதியில் நின்றது. நம்பர் லாக்கைத் தட்டினான். விளக்கு அசையவில்லை.

"அது நின்னு போகலை தம்பி." முதல்முறையாக அவள் பேசினாள். "நாம உள்ள போறோம், அவன் கையை எடுத்துருதான். அவ்வளவுதான். சின்னப் பிள்ளையிலயே அப்படித்தான், ஆடுறத யாரும் எட்டிப் பாத்தாப் பிடிக்காது."

அவன் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தான்.

"சரியாக்கிராத, என்னப்பா? எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்தச் சத்தம் ஒண்ணுதான்."

அவளுக்குப் பின்னால் காந்திமதிநாதன் எழுந்து வந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். மெலிந்துபோன அந்த அம்மாளின் தோள்பட்டை எலும்பு, ஜாக்கெட்டுக்கு மேலாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. இப்படியே விட்டால் இவள் பிழைக்க மாட்டாள் என்பது சிவகணேஷுக்கும் தெரிந்தது.

பார்க்காமல் விட்ட சாமான் ஒன்றே ஒன்றுதான். மவுஸை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினான். இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது, அந்தக் காலத்து மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் பந்து உருளும். அதுதான் மானிட்டரில் அம்புக்குறியை நகர்த்தும். மூடி வளையத்தைத் திருகினான். பந்து உள்ளங்கையில் விழுந்தது.

ஈரம்.

தொட்டால் சில்லென்று... ஐஸ் மாதிரி.

பந்து உருளும் பள்ளத்தைப் பார்த்தான். வீட்டு மவுஸில் தூசி இருக்கும், தலைமுடி இருக்கும். இதில் மணல் இருந்தது. பொடி மணல், நனைந்த மணல். ஒரு நூல் பச்சைப் பாசி.

ஆற்று வாடை அடித்தது.

என்ன செய்கிறோம் என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. கை பழக்கத்தில் வேலை பார்த்தது. மணலைத் துடைத்தது. பையிலிருந்து ஒரு புதுப் பந்தை எடுத்துப் போட்டு மூடியது. பழைய பந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. கழற்றிய சாமானைக் கடைக்குக் கொண்டுபோவது அவன் வழக்கம்.

மிஷினைப் போட்டான். மவுஸ் நன்றாக ஓடியது. வெளியே வந்து திரையை மூடினான். அடுக்களையிலிருந்து சித்ரலேகாவும் வந்து சேர, நாலு பேரும் நின்றார்கள்.

சத்தம் இல்லை.

காத்திருந்தார்கள். தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான்... சத்தம் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டு விளையாட்டும் இல்லை.

"மவுஸ்லதான் கோளாறும்மா," என்றான் உரக்க. "அழுக்கு அடைச்சிருந்திச்சு. இப்பம் சரியாயிட்டு."

நீலாம்பாள் அழவில்லை. வாசல் நிலையில் காதை வைத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். பிறகு, "எங்கன போனான்?" என்றாள், யாரையும் பார்க்காமல்.

சிவகணேஷுக்கு அங்கே நிற்க முடியவில்லை. தன் கேபினட்டையும் பையையும் வாரிக்கொண்டு வாசலுக்கு வந்தான். பதற்றத்தில் பழக்கம் வாயை முந்திக்கொண்டது. "போயிட்டு வாறேம்மா" என்று சொல்லிவிட்டான்.

காந்திமதிநாதன் முகம் வெளுத்துவிட்டது. சித்ரலேகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நீலாம்பாள் தலையைத் தூக்கினாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தாள்.

"பாத்துப் போயிட்டு வா, ராசா," என்றாள்.

வண்ணார்பேட்டைப் பாலத்தில் ஸ்கூட்டர் ஏறும்போதுதான் நெஞ்சு குளிர்ந்தது. குனிந்து பார்த்தான். சட்டைப் பை நனைந்து, தண்ணீர் இடுப்பு வரைக்கும் வழிந்திருந்தது. ஒரு நெல்லிக்காய்ப் பருமன் பந்து. அதற்குள் எவ்வளவு தண்ணீர் இருந்துவிட முடியும்? நிற்காமல் ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்து, மேஜை டிராயரில் மிஷின் துடைக்கிற பஞ்சுக் கழிவுக்குள் பந்தைப் போட்டு மூடினான்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கினான். கடையில் ரிப்பேருக்கு வந்த மிஷின்கள் மூன்றை ஓடவிட்டுப் போயிருந்தான். மூன்றும் நின்றிருந்தன.

மூன்றிலும் சீட்டு.

அமாவாசைக்கு முன்னால் ஆற்றங்கரையில் தர்ப்பை உருவத்துக்குத் தகப்பன் கொள்ளி வைத்தார். கருமாதி முடிந்தது. காந்திமதிநாதன் கடைக்கே வந்து சிவகணேஷ் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என்ன நடந்தாலும் அவகிட்ட மவுஸ் கோளாறத் தவிர வேற ஒண்ணும் சொல்லிராதயும் வே. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடும்" என்றார். பண்ணிக் கொடுத்தான்.

அதற்கு அடுத்த வாரம் நீலாம்பாள் கடைக்கு வந்தாள். மத்தியான நேரம், டவுண் பஸ்ஸில், தனியாக.

"சும்மாதான் வந்தேன். நீ போய்ச் சாப்பிடு தம்பி. நான் இங்கன இருக்கேன்."

கடைக்குள் ஒரு பிளைவுட் தடுப்பு உண்டு. அதற்குப் பின்னால்தான் மிஷின்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிவகணேஷ் மாடிப்படியில் போய் நின்றான். கேட்டுவிடுமோ என்று பயந்தான். கேட்டுவிடட்டும் என்றும் இருந்தது.

கேட்கவில்லை.

சாயந்தரம் எழுந்தாள். "நான் போன பெறவாவது சத்தம் கேக்குதாப்பா?"

"இல்லம்மா," என்றான்.

அவள் படியிறங்கினாள். ரோட்டைத் தாண்டினாள். பஸ் ஏறினாள். பஸ் திருப்பத்தில் மறைந்தது.

டிக்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். மாசி முழுக்க வந்தாள். அவள் இருக்கும்வரை கடை அமைதியாகக் கிடக்கும். பஸ் மறைந்ததும் தடுப்புக்குப் பின்னால் தொடங்கிவிடும். தினமும் ஒரே கேள்வி. தினமும் இல்லம்மா. ஒரு நாள் படியில் ஓடி இறங்கி, வாங்கம்மா, இப்போ வந்து கேளுங்க என்று கத்திவிடலாம் என்று ரோடு வரைக்கும் போனான். அவள் திரும்பி வந்தால் சத்தம் நின்றுவிடும் என்பது நினைவு வந்தது. திரும்பிவிட்டான்.

பங்குனியில் அவள் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து சித்ரலேகா வந்தாள். தலை வாராமல், செருப்பில்லாமல்.

"அம்மா போயிட்டா அண்ணே. முந்தாநாள்." கண்ணில் நீர் இல்லை, அழுது தீர்ந்திருந்தது. "கடைசி வரைக்கும் ஒண்ணேதான் சொல்லிக்கிட்டு இருந்தா. 'பிள்ளைக்கு எம் மேல கோவம். நான் போனா ஆட மாட்டேங்கான்'னு."

சிவகணேஷ் உடைந்துவிட்டான். "நான் அன்னைக்கு அந்தப் பழைய பந்தை மவுஸுல இருந்து எடுக்காம இருந்திருக்கணும்மா," என்று அழுதான்.

சித்ரலேகா அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"எந்தப் பந்து?"

"மவுஸுக்குள்ள இருந்த பந்து. நான்தானே மாத்துனேன்."

"அந்த மவுஸுல பந்தே கிடையாது அண்ணே."

அவன் கண் மேஜை டிராயருக்குப் போனது.

"அண்ணன் குளிக்கப் போகும்போது பாதி ஆட்டத்துல எந்திரிச்சான். நான் தொட்டுருவேன்னு பந்தைக் கழட்டி டவுசர் பையில போட்டுக்கிட்டான். 'இப்பம் வந்துருதேன், அணைச்சுராதட்டி'ன்னான்... அந்த டவுசரோடதான் ஆத்துல எறங்குனான். பந்து இல்லாமத்தான் மவுஸ் ஓடலை. நீங்க புதுசு போட்டுக் குடுத்தீங்கன்னுதான் நான் நினைச்சேன்."

சிவகணேஷ் டிராயரைத் திறந்தான். பஞ்சு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இரண்டு மாதமாக யாரும் தொடாத பஞ்சு. நடுவில் அந்தப் பந்து. அதைச் சுற்றிப் புதிதாக, கை நிறைய மணல்.

தடுப்புக்குப் பின்னால்...

டிக்.

"அண்ணே?" என்றாள் சித்ரலேகா. அவள் கூப்பிட்டது சிவகணேஷை இல்லை.

சத்தம் நின்றது.